தோட்டக்காரன் முகத்து நிழல்

"கொலைகாரன் யாருன்னு கடைசி வாரம்தான் தெரியணும். நீங்க அஞ்சாவது வாரமே காட்டிக் கொடுத்துட்டீங்களேய்யா!"

வார இதழின் ஆசிரியர் வாசகர் கடிதங்களை ஓவியர் முன்னால் கொட்டினார். அத்தனை பேரும் தோட்டக்காரனைத்தான் கைகாட்டியிருந்தார்கள். துப்பறியும் தொடருக்கு வரைந்த படத்தில் அவன் முகத்தில் மட்டும் பேனாக் கோடுகளை நெருக்கிப் போட்ட கறுப்பு நிழல்.

அந்த நேரம் பார்த்துத் தொடரை எழுதுகிறவரே உள்ளே வந்தார். ஓவியர் கடிதங்களை அவசரமாக அள்ளி மறைக்கப் பார்த்தார்.

வந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், என் மானத்தைக் காப்பாத்தினீங்க! யாரைக் கொலைகாரனாக்குறதுன்னு தெரியாமலே எழுதிட்டிருந்தேன். உங்க படத்தைப் பார்த்துதான் முடிவையே எழுதினேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாம் ஒரு அனுபவம்தான்" என்று இழுத்தார் ஓவியர்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, மூன்று வாரமாகத் தன்னோடு பேசாத மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று அவள் மைப்புட்டியைத் தோட்டக்காரன் மேல் கவிழ்த்த அன்று, கறையைக் கோடு போட்டு மறைத்துக்கொண்டே அவர் கத்தியிருந்தார்: "கதையைப் பத்தி ஏதாவது தெரியுமாடி உனக்கு?"