பீன்ஸா, உருளைக்கிழங்கா?

“பீன்ஸா, உருளைக்கிழங்கா? பீன்ஸை இன்னிக்கு விட்டா முத்திப் போயிடும். உருளைக்கிழங்கு நேத்துதான் பண்ணினேன். ஆனா பீன்ஸ்னா சின்னவன் தட்டைத் தள்ளி வெச்சிடுவான். ஏங்க, உங்களைத்தான்! எதைப் பண்றது?”

“எதையாவது பண்ணு. ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசு. எதிர்வீடு வரைக்கும் கேட்குது” என்றார் புருஷன், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்கு நாக்கில் சனி.

“அங்க பாரு, ஏதாவது சத்தம் இருக்கா? தனி ஆளா வேலைக்கும் போயிட்டு, பொண்ணையும் பாத்துக்கிட்டு, வீட்டை எப்படி வெச்சிருக்காங்க!”

டமார்! சமையலறை ஜன்னலை அறைந்து சாத்தினாள் இவள்.

இரண்டு வீட்டு சமையலறை ஜன்னலுக்கும் நடுவே அதிக தூரமில்லை. எட்டிக் கரண்டி கொடுக்கலாம். எதிர்வீட்டுக்காரி போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள். சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே குடிவந்தபோது, ‘ஐயோ பாவம்’ என்று முதலில் உருகியதே இவள்தான்.

அந்தப் பாவமெல்லாம் போய் இப்போது வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

பின்னே என்ன? அவள் வீட்டில் துவைத்த துணி வெயில் இறங்குவதற்குள் மடித்து உள்ளே போய்விடும். குழந்தை ஒருநாள்கூட பள்ளிக்கூட வேனைத் தவற விட்டதில்லை. குழப்பம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி!

இவளுக்கோ பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை உத்தியோகம். யாரை முதலில் உள்ளே அனுப்புவது, யாரை நாளைக்கு வரச் சொல்வது என்று நாள் முழுக்க முடிவெடுத்தே மண்டை காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் எந்தப் பாத்திரத்துக்கு எந்த மூடி என்பதுகூட மலைப்பாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி பண்ணுகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் கீழே தள்ளினாள். “தொடாத துணியை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? இன்னிக்கு விட்டா என்னிக்கும் நடக்காது. தூக்கிக் குடுங்க எல்லாத்தையும்!” என்று புருஷனிடம் கத்தினாள். சாயங்காலம் அத்தனையும் அதே அலமாரிக்குள் திரும்பப் போயிற்று. முட்டியால் முட்டுக் கொடுத்துத்தான் கதவைச் சாத்த முடிந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரி இரண்டு பெரிய பைகளோடு படி இறங்கிப் போகிறாள். வாய் வரை மடித்த துணி. இவளுக்கு எப்படி இருக்கும்!

‘இனிமேல் என் வீட்டுக் கூத்து என் வீட்டோடு’ என்று, இப்போது அறைந்து சாத்திய ஜன்னலை அப்புறம் திறக்கவே இல்லை. சமையலறை புழுங்கித் தள்ளியது. வைராக்கியம் விடவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு அதிசயம் நடந்தது. எதிர்வீட்டுக் கொடியில் துணி ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தது. குழந்தை ஒரு காலில் வெள்ளை, ஒரு காலில் சாம்பல் சாக்ஸ் போட்டுக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடியது.

“அம்மணி சாயம் வெளுத்துப் போச்சு! வந்து பாருங்க உங்க எதிர்வீட்டு லட்சணத்தை!” என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். மனசு குளுகுளுவென்று இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் எதிர்வீட்டுக்காரி. தலைகூட வாரவில்லை, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அக்கா, என் மேல ஏதாவது கோபமா?”

“சேச்சே! எதுக்குக் கேக்கறே?”

“ஜன்னலைச் சாத்தியே வெச்சிருக்கீங்களே.”

“நான் கத்தறது உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்” என்றாள் இவள், வராத சிரிப்பை வரவழைத்து.

“ஐயோ, அப்படிப் பண்ணாதீங்கக்கா!” அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் போனதுல இருந்து எனக்கு எதையுமே முடிவு பண்ணத் தெரியலை. கடையில தக்காளிக் கூடை முன்னாடி நின்னு அழுதிருக்கேன். இங்க வந்தப்புறம் தினமும் காலையில ஜன்னல்கிட்ட நிப்பேன். நீங்க இதுவா அதுவான்னு காரணத்தோட அலசுவீங்க. கடைசியில ‘சரி, பீன்ஸ்’னு சொல்வீங்க. நானும் பீன்ஸை எடுத்து நறுக்கிடுவேன். ‘வெயில் இருக்கப்பவே துவைச்சிடணும்’பீங்க, துவைச்சிடுவேன். ‘வேனுக்கு நேரமாச்சு’ம்பீங்க, குழந்தையைக் கிளப்பிடுவேன்.”

இவள் திரும்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள்.

“அவரோட சட்டையெல்லாம் தொடவே முடியாம வெச்சிருந்தேன். அன்னிக்கு ‘இன்னிக்கு விட்டா என்னிக்கும் நடக்காது’ன்னு நீங்க கத்தினீங்க. அழுதுகிட்டே பையில எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வந்துட்டேன். அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.”

“ஐயோ, நான் ஒண்ணுகூடக் குடுக்கலைம்மா. எல்லாத்தையும் திரும்ப உள்ளதான் திணிச்சேன்” என்றாள் இவள். அவமானமாக இருந்தது. அதைவிட, சாக்ஸ் மாறிய குழந்தையைக் காட்டிச் சிரித்தது நெஞ்சைக் குத்தியது.

எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“குழந்தை ரெண்டு மூணு நாளா வெறும் பிரெட்டுதான் சாப்பிடறா. அதான் வெட்கத்தை விட்டுக் கேக்கறேன்... இன்னிக்கு நாம என்னக்கா சமைக்கறோம்?”