நாலு மணி கரண்ட் கட்

"நாலு மணி ஆனா கரண்ட் போயிடுதுங்க மொதலாளி."

நெசவாளி வேணுகோபாலிடமிருந்து தினமும் இதே பாட்டு. பட்டு வியாபாரி பாலசந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை சென்னைக்கு முகூர்த்தப் புடவைகள் போயாக வேண்டும். வேணுவின் பவர்லூமிலோ இன்னும் இரண்டு பாக்கி.

நேராக மின்வாரிய ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார்.

"அந்தத் தெருவுல கட்டே இல்லீங்களே சார்" என்றார் லைன்மேன்.

அப்படியா சேதி! மறுநாள் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, பூனை மாதிரி வேணுவின் தறிக்கூடத்துக்குள் நுழைந்தார்.

மணி நாலு. வேணு எழுந்து, தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். அதேபோல பக்கத்து வீடு, எதிர்வீடு என்று தெரு முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அட புளுகு மூட்டை! அரை மணி நேரம் டீ குடிக்கிறதுக்கு இன்னாமா கதை வுட்டிருக்கே!"

வேணு பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். ஜன்னலைக் காட்டினார்.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி பால் தூக்கைப் பிடித்தபடி சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முகத்தில் மட்டும் அப்படியொரு நிம்மதி.

"பின்தெரு தேவகிங்க. தறிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திகினு நடுத்தெருவுல உக்காந்து அழும். ஆட்டிசமாம். வேலூர் டாக்டரு சொன்னாரு."

"எப்ப சரியாகும்?"

"இது வியாதியே இல்லீங்களாம். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான், ஆயுசுக்கும் அப்படித்தான்னுட்டாரு. நாமதான் அனுசரிச்சுப் போவணுமாம். அது தனியா வெளிய வர்றதே இந்த நாலு மணி சொசைட்டிப் பாலுக்குத்தான். நம்ம தெருதான் வழி."

"இதை எங்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா நாலு பேரு பைத்தியம்பாங்க. கரண்டைத் திட்டிக்கினா யாருக்கும் வலிக்காதுங்களே."

தேவகி பால் வாங்கித் திரும்பித் தெருவைத் தாண்டும்வரை, வந்த இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார் பாலசந்திரன்.

வெள்ளிக்கிழமை சென்னைக் கடைக்காரர் போனில் கத்தினார்.

"ஒரு புடவை குறையுதே! உங்க ஊர்ல என்னதான் பண்றீங்க?"

"நான் இன்னா பண்றதுங்க?" என்றார் பாலசந்திரன், குரலில் ஏகப்பட்ட வருத்தத்தோடு. "நாலு மணி ஆனா இங்க கரண்ட் போயிடுதே!"