புகை பின்னால் போகும்

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கொல்லைப்புறத்தில் பைக்கின் சைலன்சரைக் கழற்றி அறுத்து, உள்ளே தேன்கூடு போல் இருந்த புகை வடிகட்டியைக் கம்பியால் இடித்து வெளியே தள்ளினான். வெல்டு வைத்து மாட்டிக் கிளப்பியதும் வண்டி துள்ளியது.

"கண்ணெல்லாம் எரியுதுங்க" என்றாள் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"புகை பின்னாலதான் போகும். அது பின்னால வர்றவன் பாடு."

மறுநாள் ஆபீஸ் முழுக்க அவன் வண்டி பற்றித்தான் பேச்சு. அப்புறம் ஞாயிறுதோறும் ஆளாளுக்கு பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பைசா வாங்காமல் பத்தொன்பது பேருக்குச் செய்து கொடுத்த தர்மப்பிரபுவுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மாதமாகியும் மனைவியின் இருமல் நிற்காததால் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "வீட்டுல விறகு அடுப்பா?" என்றார்.

"கேஸ்தான் டாக்டர். நான் சிகரெட்டைக் கையால தொட்டதில்ல" என்று முந்திக்கொண்டான் அவன்.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இவர் ஆபீஸ்லதான் டாக்டர். இவர்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தார். பேஸ்மெண்ட் பார்க்கிங்ல உக்காந்து டோக்கன் கொடுக்கிறேன்."

"அங்க புகை ஜாஸ்தியோ?"

"எல்லா வண்டியும் இல்ல டாக்டர். ஒரு இருபது வண்டிதான் நெஞ்சை அடைக்கும்." அவள் கணவன் பக்கம் திரும்பவே இல்லை. "தினமும் முதல் டோக்கன் இவருக்குத்தான் கொடுப்பேன்."