நடுவர் கேட்ட ஆல்பம்

"உங்களுக்கு அது ஏலாது அப்பா. ரெண்டாம் பாட்டுக்கே காதைப் பொத்திக்கொண்டு வெளியில ஓடிடுவியள்," என்றாள் றொஷினி.

"எத்தினை பாட்டுப் போட்டிக்கு நடுவரா இருந்தனான் பிள்ளை. அதுகளையே தாங்கின காது இது," என்றார் அருமைநாதன்.

அதில் உண்மை இருந்தது. மொன்றியலில் தமிழர்கள் எங்கே பாட்டுப் போட்டி வைத்தாலும் நடுவர் கதிரையில் அருமைநாதன் இருப்பார். சங்கீதம் படித்தவரா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நம்மவர்களிடையே நடுவராவதற்குக் கண்ணை மூடித் தலையாட்டும் பழக்கமும், "சுருதி இன்னும் கொஞ்சம்..." என்று இழுக்கும் துணிவும் இருந்தால் போதும். இரண்டும் அவரிடம் தாராளமாக இருந்தன.

இன்றைய சிக்கல் வேறு. இரவு நகரில் ஒரு கச்சேரி. வேல்ஸ் நாட்டிலிருந்து வரும் போஸ்ட்-ஹார்ட்கோர் குழு. அது என்ன வகைச் சங்கீதம் என்று கேட்டதற்கு, கத்துவார்கள், ஆனால் கவலையோடு கத்துவார்கள் என்று மகள் விளக்கியிருந்தாள். கூட வரவிருந்த சிநேகிதிக்குக் காய்ச்சல். ஒரு டிக்கெட் மிச்சம்.

றொஷினிக்கு வன்கூவரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த கிழமை புறப்படுகிறாள். சில வருடங்களாக அவள் அப்பாவோடு பேசியதெல்லாம் பெரும்பாலும் கார்த் திறப்பை எங்கே வைத்தீர்கள் என்பதைப் பற்றித்தான். போவதற்கு முன் ஒரு மாலையாவது மகளோடு எங்காவது போய்வர அருமைநாதனுக்கு ஆசை. அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. இசையின் புதிய போக்குகளை அவதானிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தார்.

றொஷினி நிபந்தனை போட்டாள். இன்றைக்கு அவர்கள் பாடப்போவது முழுக்க இரண்டாவது ஆல்பம். முதலாவது அதற்குப் பக்கத்தில் வெறும் தாலாட்டு. வேகமும் வெறியும் இதில்தான். அப்பா அதை இடையில் எழும்பாமல் முழுதாகக் கேட்க வேண்டும். உண்மையாகவே பிடித்திருந்தால் டிக்கெட் அவருக்கு.

"பொய் சொன்னாக் கண்டுபிடிச்சிடுவன்," என்று தன் போனை அவர் கையில் கொடுத்து, அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுத் தலைக்கு முழுகப் போனாள்.

அருமைநாதன் அழுத்தினார். சோபாவில் சாய்ந்து கண்களை மூடினார்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் ஓர் உறுமல். அது கிட்ட வர வர யன்னல் கண்ணாடி நடுங்கியது. இரும்பை இரும்பு பிறாண்டுவது போன்ற கிற்றார். நெஞ்சுக்குள் இடிக்கும் டிரம்ஸ். நடுவே ஒருவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எழும்பி ஓடு என்றன கால்கள். வன்கூவர் நினைவுக்கு வந்தது. இருந்தார்.

இருக்க இருக்க அவருக்குள் ஏதோ நடந்தது. எங்கிருந்தோ ஒரு சைரன் மேலும் கீழுமாக ஊளையிட்டுக்கொண்டு வந்தபோது உடம்பு சிலிர்த்தது. நடுவரான நாளிலிருந்து முதல் தடவையாகத் தலை தானாக ஆடியது.

எல்லாம் அடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். தலையில் துவாயோடு எதிரே நின்றாள் றொஷினி.

அவர் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். எடுத்த எடுப்பில் அவசரப்படவில்லை, மெல்ல மெல்லக் கட்டி எழுப்புகிறார்கள் என்றார். பாடகரின் பாஷை விளங்காவிட்டாலும், தன் சொல்லை ஒருவரும் கேட்கிறார்களில்லையே என்ற ஆத்திரம் விளங்கியது என்றார். வாத்தியக்காரர்கள் தரையைப் பிளந்துவிட்டார்கள் என்றார். வழக்கமாகப் போட்டி மேடையில் அவர் சொல்லும் ஒரு வசனமும் அதில் இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்தச் சைரன் இருக்குதே பிள்ளை," என்றார். "எங்கேயோ ஓட வேணும், எதையோ காப்பாத்த வேணும் எண்டு ஒரு பதட்டம் வந்திட்டுது. எதை எண்டுதான் தெரியேல்லை. அதுதானே கலை?"

றொஷினி அவர் முகத்தில் பொய்யைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"எத்தினை தரம் கேட்டனான், சைரனை நான் கவனிக்கவே இல்லை," என்றாள் மெதுவாக. அந்தக் குரலில் இருந்த மரியாதையை அருமைநாதன் இதுவரை எந்தப் போட்டியிலும் பெற்றதில்லை. "சரி, வெளிக்கிடுங்கோ அப்பா. போவம்."

காரைச் சூடாக்கி வைக்கிறேன் என்று கோட்டைக் கொளுவிக்கொண்டு, இளைஞனைப் போலப் படியிறங்கி ஓடினார்.

காலையில் இரு கரையும் இடுப்பளவு பனி குவிந்து கிடந்த தெரு, வழித்துத் துடைத்தது போல வெறும் தாராகக் கிடந்தது. கார் நின்ற இடத்திலும் தார்தான் தெரிந்தது. தெருமுனையில் பனி அள்ளும் இயந்திரம் இரும்பு வாயால் நிலத்தைப் பிறாண்டிக்கொண்டு திரும்ப, செம்மஞ்சள் அங்கிக்காரர் ஒருவர் அதன் சாரதியைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்திக்கொண்டு நடந்தார். அவர்களுக்கு முன்னால் அடுத்த தெருவுக்குள் நுழைந்த இழுவை வண்டி, 'காரை எடு, இல்லாவிட்டால் நாங்கள் எடுப்போம்' என்று சைரனை ஊதியது. எத்தனையோ குளிர்காலமாக அந்தச் சத்தத்துக்கு நித்திரையிலும் எழும்பி ஓடியவர்தான் அருமைநாதன்.

பின்னால் கதவு திறந்தது. றொஷினியின் கையில் அவளுடைய வயரில்லாத ஹெட்போன். அதற்குள் யாரோ சின்னக் குரலில், கவலையோடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மெட்ரோவில போவம் அப்பா," என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பாட்டு முழுக்க இதுக்குள்ளதான் போயிருக்கு, என்ரை கட்டில்ல. ரெண்டாவது ஆல்பத்தை வழியில நீங்களும் ஒருக்காக் கேளுங்கோ."