வெறும் விலாசம்

"சார், நம்ம கோடை பில்டு பண்ணினா ஒரு வார்னிங் வருது," என்றாள் புரோகிராமர். "கணக்கு ஃபங்ஷன், விடையை எங்க வைக்கணும்னு விலாசம் கேக்குது. நம்ம கோடு நல் பாயிண்டரை, அதான் வெறும் விலாசத்தை அனுப்புது. ஓடும்போது படுத்துடும்."

மேனேஜர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷமா படுத்துச்சா?"

"இல்ல சார். ஆனா..."

"வார்னிங்தானே, எரர் இல்லையே? சாயங்காலம் ரிலீஸ். பேசாம அதை ஆஃப் பண்ணிடும்மா."

அவள் மனசில்லாமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மேனேஜரின் போன் அடித்தது. கோடைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரை அவர்களிடம் வாங்கிய ஒரு வாடிக்கையாளர், குரல் அவள் மேஜை வரை கேட்டது.

"சார், உங்க புது கம்பைலர், கணக்கு ஃபங்ஷனுக்கு நல் பாயிண்டர் போகுதுன்னு கத்திக்கிட்டே இருக்கு. எங்களுக்கு ரிலீஸ் நேரம். அந்த வார்னிங்கை ஆஃப் பண்ணிக்கலாமா?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பு உங்க கோடுல இருக்கு சார். அதைச் சொல்லத்தானே மெனக்கெட்டு அந்த வார்னிங்கை நானே எழுதிச் சேர்த்தேன்? அதை ஆஃப் பண்றவனெல்லாம் ஒரு புரோகிராமரா?"

சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நம்ம கம்பைலர் கோடுக்கு வந்த வார்னிங்கை ஆஃப் பண்ணிட்டியாம்மா?"