பச்சைக் கொத்து

"இந்த ஓட்டல் வேண்டாம். வண்டியை எடு" என்றார் ஆல்பின், தரையில் வைத்த காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு.

"ஓட்டல் கதவைக்கூட இன்னும் திறக்கலையே, மனுஷா!" என்றாள் மனைவி யெல்கா. ஸ்டியரிங் அவள் கையில்.

"ஜன்னல் வழியாப் பாத்தேன். மேஜை விரிப்பு அவ்வளவு வெள்ளை. இஸ்திரி போடவே நேரம் சரியாப் போயிடும், எப்ப சமைப்பாங்க? வாசல் பலகையில நாலு பாஷை வேற. இவங்க நாக்கு பேசத்தான், ருசி பாக்க இல்ல."

லுப்லியானா ஓய்வூதியர் சங்கத்தின் ஒயின் சுற்றுலாவுக்குச் சாப்பாட்டுக் கடை தேர்ந்தெடுப்பது ஆல்பினின் பொறுப்பு. இன்று கார்ஸ்ட் மேட்டில் ஒன்று, நாளை விப்பாவா பள்ளத்தாக்கில் ஒன்று. பகட்டு கூடாது, ருசி வேண்டும். போன வருடம் அவர் கண்டுபிடித்த 'மண் மணக்கும்' இடத்தில் ஒரு பஸ் ஜனமும் வேகாத டர்னிப்பை மென்றது. பாதிப் பேரின் பொய்ப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இந்த முறையும் கோட்டை விட்டால் பொறுப்பு சங்கத்துச் சிரிலுக்குப் போய்விடும்.

"சிரில் என்ன பண்ணுவான்? எல்லாரையும் பெட்ரோல் பங்குல நிறுத்தி சாண்ட்விச் வாங்கிக் குடுப்பான்."

"அதையாவது கடிக்க முடியும்" என்றாள் யெல்கா. "பொறுப்பு போனா போகட்டும்னு விட்டுடலாம். ஆனா குளிர்காலம் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு அடுப்பங்கரையில உக்காந்திருப்பியே. அதை யார் பாக்கறது?"

அடுத்த கடை.

"வேண்டாம். பூனை ஒல்லியா இருக்கு. மிச்சத்தைக்கூட அதால தின்ன முடியல."

"குண்டா இருந்தா எலி ஜாஸ்தின்னு சொல்லுவ."

அதற்கடுத்த கடையில் சமையல்காரர் வாசலில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஆல்பின் இறங்கவே இல்லை.

"எனக்குக் கண்ணை இருட்டுது" என்றாள் யெல்கா.

"காலையில ரொட்டி வாங்கப் போறேன்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போன. அரை நாள் கழிச்சு வெறுங்கையோட வந்த. ரொட்டி வாங்கியிருந்தா இந்தப் பசி உண்டா?"

யெல்கா கியரை மாற்றினாள்.

"நிறுத்து! நிறுத்து!"

நாற்சந்திக் கம்பத்தில் ஐவிக் கொடியின் கொத்து ஒன்று தொங்கியது. அந்த மேட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஒரு வீட்டுக்காரர் தன் பீப்பாயைத் திறந்து, தன் பன்றித்தொடையை அறுத்து, ஒரு வாரத்துக்கு முற்றத்தில் பந்தி போடுகிறார். கொத்துகளைப் பின்தொடர்ந்தால் வீடு வந்துவிடும்.

"போன மாசத்துக் கொத்தா இருக்கும்" என்றாள் யெல்கா, சிரத்தையில்லாமல்.

ஆல்பின் இறங்கிப் போய் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். "பச்சை! வாடின கொத்தை நம்பிப் போனா பூட்டின கதவுதான். இது இன்னிக்கு வெட்டினது. இதெல்லாம் உனக்கு எங்க தெரியப் போகுது?"

"எனக்கு என்ன தெரியும்" என்றாள் யெல்கா.

அப்புறம் ஆல்பினைப் பிடிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு, "வலது! அத்திமரத்துல கொத்து! இடது! மதில் மேல கொத்து!" நெப்போலியன்கூடத் தன் படைக்கு அவ்வளவு கட்டளை போட்டிருக்க மாட்டான். கல்மதில்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி, கடைசியில் வண்டி ஒரு முற்றத்தில் நின்றது. மல்பெரி மரம், விரிப்பில்லாத பலகை மேஜை, வாசற்படி அளவுக்குக் குண்டுப் பூனை.

"வாங்க, வாங்க. கொத்தைப் பாத்து வந்தீங்களா?" என்றாள் வீட்டுக்காரி நேவெங்கா, யெல்காவைப் பார்த்து.

"நான் பாத்தேன்" என்றார் ஆல்பின்.

காற்றில் உலர்ந்த பன்றித்தொடை வந்தது, பின்னால் இருப்பவர் முகம் தெரியும் அளவு மெல்லிசாக. புளித்த முட்டைக்கோசும் பீன்ஸும் கொதித்த சூப் வந்தது. மைபோல் கறுத்த தெரான் ஒயின் வந்தது. ஆல்பின் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடியவர், வெகுநேரம் திறக்கவில்லை.

"சங்கத்துக்கு இதுதான். அந்த வெள்ளை விரிப்புக்காரன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒரு சூப் வெக்க முடியுமா?"

"முடியவே முடியாது" என்றாள் யெல்கா. தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவ உள்ளே போன ஆல்பின் தவறான கதவைத் திறந்தார். எதிரே ஒரு கூடம். மேஜைதோறும் வெள்ளை விரிப்பு, மொடமொடவென்று இஸ்திரி மடிப்போடு. ஜன்னலுக்கு வெளியே, முதலில் பார்த்த அதே நாலு பாஷைப் பலகையின் முதுகு.

ஆல்பினுக்குக் காது வரை சிவந்தது. முன்வாசலில் ஓட்டல், பின்வாசலில் கொத்தா? கொல்லைப்புறமாக ஆள் பிடிக்கிறார்களா? நேவெங்காவை நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடுவதென்று விறுவிறுவென முற்றத்துக்கு வந்தார். அதற்குள் போரா என்னும் குளிர்காற்று கிளம்பியிருந்தது. யெல்கா தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரி, முதலில் அவளுக்குக் கம்பளிச் சட்டை, அப்புறம் சண்டை.

"டிக்கியில இருக்குல்ல உன் சட்டை? எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம்! குளிரவே இல்ல!" என்று எழுந்தே விட்டாள் யெல்கா.

அவர் அதற்குள் டிக்கியைத் திறந்துவிட்டார். சட்டையை இழுத்தபோது அடியிலிருந்த போர்வை விலகியது. அவர்கள் வீட்டுத் தோட்டக் கத்தரிக்கோல். அலகில் பச்சைச் சாறு இன்னும் காயவில்லை. பக்கத்தில், நூல் கட்டித் தயாராக, மிச்சமிருந்த ஐவிக் கொத்துகள்.

"கிடைச்சுதா?" முற்றத்திலிருந்து யெல்காவின் குரல், கொஞ்சம் மெலிந்து வந்தது.

"சட்டைதானே? கிடைச்சுது!" என்று உரக்கச் சொன்னார் ஆல்பின். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நாளைக்கு விப்பாவா போய்ச் சேரும்வரை வாடாதபடி, கொத்துகளின் மேல் நன்றாகத் தெளித்துவிட்டுப் போர்வையைப் பழையபடி மூடினார்.