இருபது கோழி

ஹபிபுல்லாவைச் செல்லமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தது, வீரமுத்துவின் கோழிக்கடையில். அப்போதுதான் விடிந்திருந்தது. பெரியவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எனக்கு எத்தனை கோழின்னு எண்ணியாச்சா பாய்?"

பத்து வருடம் 'முதலாளி' என்று கூப்பிட்ட வாய். 'பாய்' என்று வந்தது அன்றுதான் முதல் தடவை.

ஹபிபுல்லா ஈரக் கையை உதறினார். "இருபது. எண்ணாம எப்படிப்பா?"

"கோழி எத்தனைன்னு தெரிஞ்சா கடை ஓட்டம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும், அதானே? எதிர்க்கடைக்காரன் கூடைக்குத் தினம் காவல் உக்கார்றீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

வீரமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹபிபுல்லா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் அடங்கிவிட்டான்.

"கறி நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போ."

"அதை நீங்க சொல்ல வேணாம்."

செல்லமுத்து கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றைந்தில், பாஸ்ட் ஃபுட் என்றால் என்னவென்று பெரம்பலூரே கேட்ட காலத்தில், ஜித்தாவிலிருந்து திரும்பிய ஹபிபுல்லா பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டார். பருத்திக்காட்டுக் கூலியை விட்டுவிட்டுச் சிறுவாச்சூரிலிருந்து வந்த செல்லமுத்து அங்கே தட்டு கழுவினான், முட்டைக்கோஸ் நறுக்கினான், மூன்றாம் வருடம் கடாயைப் பிடித்தான். தீ எழும்ப அவன் சோற்றைச் சுண்டிப் புரட்டுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. சாகும்வரை இந்தத் தீயின் முன்னால்தான் என்று முடிவு செய்திருந்தான்.

போன வருடம்தான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சொந்தக் கடை போட்டான். பலகையில் மனைவி ஆண்டாயியின் பெயர். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்வரும் லப்பைக்குடிக்காட்டுப் பாய்மார்களின் வேன்கள்கூட ஹபிபுல்லா கடையைத் தாண்டி வந்து இங்கே நின்றன.

"எல்லாம் கை ருசி" என்று மார்தட்டிக்கொண்டான். அந்த வயிற்றெரிச்சலில்தான் கிழவர் கோழியை எண்ண வருகிறார் என்று நினைத்தான்.

அன்று மதியமே ஹபிபுல்லாவுக்கு மாரடைப்பு.

செல்லமுத்து ஜனாஸா அடக்கத்துக்குப் போனான். தெருமுனைக்கு மேல் போகவில்லை. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினான்.

ஹபிபுல்லாவின் மகன் அனஸ் துபாயில் இருந்தான். அவனுக்குக் கரண்டி பிடிக்க இஷ்டமில்லை. எதிர்க்கடை ஷட்டர் இறங்கியது.

"பாவம் மனுஷன்" என்றாள் ஆண்டாயி. பிறகு, "ரோட்டுல இனி நாம ஒரே கடை. முப்பது கோழி சொல்லுங்க" என்றாள்.

முப்பது சொன்னான். பாதி மிஞ்சியது. மறுநாள் இருபது. அதிலும் பாதி மிஞ்சியது. லப்பைக்குடிக்காட்டு வேன் ஒன்றுகூட நிற்கவில்லை.

காலிக் கடாயைக் கரண்டியால் தட்டிப் பார்த்தான். துடைத்த மேசையையே துடைத்தான். வாசலுக்கு வந்தான், உள்ளே போனான், மறுபடி வந்தான்.

"நீங்க நடக்குற நடைக்கு சிறுவாச்சூர் போயிட்டே வந்திருக்கலாம். செத்த உக்காருங்களேன்" என்றாள் ஆண்டாயி.

"இப்படியே போனா சிறுவாச்சூருக்கே போயிட வேண்டியதுதான். பருத்தி எடுக்க."

பத்தாம் நாள் டயர் பஞ்சராகி ஒரு வேன் கடை வாசலில் நின்றது. டிரைவர் இலியாஸ் இறங்கினார். வாரத்துக்கு மூன்று தடவை இங்கே சாப்பிட்டவர். செல்லமுத்து ஓடிப்போய் வழிமறித்தான்.

"என்னங்கண்ணே, என் கைமேல என்ன கோவம்?"

"உன் கையில குறை இல்லப்பா." இலியாஸ் தயங்கினார். "இப்போ உன் கோழிய யாரு அறுக்குறா?"

"எப்பவும் போல வீரமுத்து கடையிலதான்."

"கடை சரி. ஹபிபுல்லா பாய் மவுத்தாயிட்டாரே. அதுக்கப்புறம் யாரு அறுக்குறா?"

பத்து வருடமும் கறி வாங்கி வந்தவர் முதலாளி; யார் அறுத்தது என்று செல்லமுத்து கேட்டதே இல்லை.

"பிஸ்மின்னு அல்லா பேரைச் சொல்லி அறுத்தாத்தான் நாங்க சாப்பிட முடியும். வீரமுத்து அறுத்தா எங்களுக்கு ஆகாது. ஹபிபுல்லா பாய்தான் 'அவன் கோழிய என் கையாலதான் அறுக்குறேன், நம்பிப் போய் சாப்பிடுங்க'ன்னு எங்க ஊர் முழுக்க சொல்லி வெச்சிருந்தாரு. உனக்குத் தெரியாதா?"

மறுநாள் விடியற்காலை கோழிக்கடையில், வீரமுத்து செல்லமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பாய் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. 'ரோஷக்காரன், தெரிஞ்சா வேற கறிக்கடைக்குப் போயிடுவான், அப்புறம் எங்காளுங்க அவன் கடைப்பக்கம் வர மாட்டாங்க'ன்னாரு. அவர் கடைக்கு எட்டுதான் அறுப்பாரு. உனக்கு இருபது."

குழாயடிக்கு மேலே ஒரு ஆணி. அதில் துணி சுற்றி, ஹபிபுல்லாவின் கத்தி தொங்கியது.